குதிரை அங்கே போகாது

போன மாதம் பசறையிலிருந்து பதுளைக்கு பஸ்ஸில் வரும்போது ஒரு சின்னப் பெண்ணின் கையில் இருந்ததைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் இருந்தவர்களும் அதையேதான் நினைத்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குக் கோபம் வந்தால் தொடையில் கிள்ளுவது அவள் வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தொடை அதற்குப் பழகியிருக்கிறது. அன்றைக்குக் கிள்ளவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நடந்தது இவ்வளவுதான். முன் சீட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். மடியில் ஆறேழு வயது மகள். மகளின் கையில் காய்ந்த கிலுகிலுப்பைக் கொத்து. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பாதையோரத்தில் ஒடித்திருப்பாள். நுனியில் இரண்டு மஞ்சள் பூ வாடித் தொங்கியது. காய் காய்ந்துவிட்டால் உள்ளே விதை தனியாகக் கழன்று உருளும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். பஸ் வளையும்போதெல்லாம் அவள் அதை ஆட்டினாள். அந்தப் பாதையில் வளைவுக்கா பஞ்சம்? கிலுகிலு, கிலுகிலு என்று காதுக்குள்ளேயே கேட்டது. எவ்வளவு தூரம் பொறுத்துக்கொண்டேன் என்று தெரியாது. அப்புறம் என் கை தானாகப் போய்விட்டது.

பிள்ளை அழுதது. தாய் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. தோட்டத்து ஆட்களுக்கு வேட்டி சட்டை போட்டவனிடம் சண்டைக்கு வரும் பழக்கம் இன்னும் வரவில்லை. அதுவும் எனக்குக் கோபம்தான். “வெறும் செடிதானுங்களே” என்றாள், அவ்வளவுதான்.

வெறும் செடி. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அந்த வார்த்தையோடு மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் பேனாவை எடுத்துவிட்டேன்.

எனக்கு இருபது வயது இருக்கும். பதுளைக்கு ரயில் வராத காலம். அப்பாவுக்குப் பசறையில் கடை. கருவாடு, உப்பு, புண்ணாக்கு, கொள்ளு, லாந்தர் திரி என்று தோட்டங்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். கடையில் என்னை வைத்துக்கொள்ள அப்பாவால் முடியவில்லை. வாடிக்கைக்காரர்களோடு சண்டை பிடிக்கிற மகனை எந்த வியாபாரி வைத்துக்கொள்வார்? தெரிந்த பெரிய கங்காணி ஒருவரைப் பிடித்து, மடுல்சீமைப் பக்கம் அவர் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில் என்னைக் கணக்கப்பிள்ளையாகச் சேர்த்துவிட்டார். மலையில் ஆட்களை மேய்க்கிற வேலை. பதுளைப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்திருந்தேன், அதுதான் தகுதி.

முதல் நாள் விடிகாலைப் பெரட்டுக்குக் கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, புதுக் குடையும் சப்பாத்துமாகப் போனேன். ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்குத்தான் பெரட்டுக்களம் என்று பேர். அங்கே இறங்குகிற படிக்கட்டில் பாசி. நான் இறங்கவில்லை, வந்து சேர்ந்தேன். குடை ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம். பெண்கள் வரிசை கம்பளியை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தது. எல்லாரும் சிரித்து முடித்த பிறகும் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பேர் அங்கம்மாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். கடைக்காரர் மகன் லயத்து வரிசை வீட்டில் இருந்த கூலிப் பெண்ணைக் கட்டிக்கொண்டதில் எங்கள் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் தனிக்கதை. நிறுத்தியவர்கள் நிறுத்தியபடியே இருந்ததில் எனக்கு நிம்மதிதான்.

அந்தத் தோட்டம் என்றதும் எனக்கு முதலில் வருவது தேயிலை வாசனை இல்லை, வெந்த கொள்ளின் வாசனை. பின்னேரத்தில் துரையின் குதிரை லாயத்துப் பக்கம் போனால் பெரிய அண்டாவில் கொள்ளு வெந்துகொண்டிருக்கும். எங்கள் கடையிலிருந்து போன கொள்ளுதான் அது. ஆனாலும் மலையெல்லாம் ஏறி இறங்கி வருகிறவனுக்கு அந்த ஆவி மூக்கில் ஏறினால் பசி கிளம்பிவிடும். குதிரைக்காரர் மூக்கன் நல்ல மனுஷர். இலையில் ஒரு கை வைத்துக் கொடுப்பார். இத்தனை காலத்தில் நான் எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன். உப்புப் போட்ட அந்தக் கொள்ளுக்கு ஈடாக ஒன்றையும் சொல்ல மாட்டேன்.

குதிரையின் பேர் சார்லி. நல்ல உயரம், செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. அந்தக் காலத்தில் கார் ஏது? துரை மலை பார்க்கப் போவது, பதுளைக்குக் கிளப்புக்குப் போவது எல்லாம் சார்லி மேல்தான். எங்கள் தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடியாகச் சின்னத் துரை என்று ஒருவர் கிடையாது. அதனால் ஆட்கள் சார்லியைத்தான் சின்னத் துரை என்பார்கள், பெரிய கங்காணி காதில் விழாமல். பேச்சுக்குச் சொன்னாலும் அதில் பொய் இல்லை. லாயத்துக்குப் பலகைத் தரை, ஒழுகாத தகரம், காற்றுக்கு ஜன்னல். அங்கம்மாள் இருந்த லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், ஜன்னலே இல்லை. மழை பெய்தால் ஒழுகுகிற இடத்துக்கு மூன்று சட்டி வைத்து, மிச்ச இடத்தில் நாலு பேர் படுத்தார்கள். இதைச் சொன்னால், அந்தக் காலம் அப்படி என்பார்கள். அந்தக் காலம் அப்படி இல்லை. லாயத்தில் ஜன்னல் வைத்தவனுக்கு ஜன்னல் வைக்கத் தெரியும்.

குதிரையைக் குறை சொல்லவில்லை. அது பாவம், யாரையும் உதைத்தது கிடையாது.

மஞ்சள் பூ தோட்டத்துக்கு வந்தது துரையின் யோசனையால். மண்ணுக்கு உரமாகும் என்று எங்கேயோ படித்துவிட்டு மூட்டை விதை வரவழைத்தார். தேயிலை வரிசைக்கு நடுவில் அதைத் தூவி, வளர்ந்ததும் வெட்டி மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். அவர் சொன்னதில் தப்பு இல்லை, மண்ணுக்கு நல்லதுதான். எங்கள் ஆட்களுக்கும் ஊரில் பார்த்த செடிதான். பிள்ளைகள் காயை ஆட்டி விளையாடுகிற கிலுகிலுப்பை. யாருக்கும் அதன் மேல் சந்தேகம் வரவில்லை. கொழுந்து பொங்குகிற மாதத்தில் செடி வெட்ட ஆள் கிடைக்காமல் அது முற்றிவிட்டது. காய் வெடித்து விதை சிதறியது. அடுத்த வருஷம் மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரம், பாதை ஓரம், பங்களாவுக்குக் கீழே இருந்த புல்சரிவு எல்லாம் மஞ்சளாகப் பூத்து நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை.

அந்தப் புல்சரிவு துரைக்குச் செல்லம். ஊவாவில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் புல் அப்படியே காய்ந்து நிற்கும். எல்லாத் துரைமாரும் குதிரைக்குப் பச்சைப் புல் வெட்டிப் போட ஆள் வைத்திருந்தார்கள். எங்கள் துரைக்கு மட்டும் தன் ஊரில் செய்கிற மாதிரி புல்லை வெட்டி, வெயிலில் புரட்டி, காயவைத்துப் போர் போட வேண்டும் என்று ஆசை. தானே நின்று, சட்டைக் கையை மடித்துவிட்டு, எப்படிப் புரட்டுவது என்று காட்டினார். பெண்கள் புல்லோடு சேர்த்து மஞ்சள் பூவையும் அரிந்து போட்டார்கள். அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

சில வாரம் போனது. சார்லி கொட்டாவி விட ஆரம்பித்தது. குதிரை கொட்டாவி விட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. அப்புறம் மெலிந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளானது. லாயத்து முற்றத்தில் அவிழ்த்துவிட்டால் செக்கைச் சுற்றுகிற மாதிரி நாள் முழுக்கச் சுற்றியது. சுற்றாத நேரத்தில் நெற்றியைச் சுவரில் வைத்து முட்டிக்கொண்டு நின்றது. மூக்கன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இழுப்பார், அது அசையாது. துரைக்கு மூக்கன் மேல் சந்தேகம். கொள்ளைத் திருடிவிட்டான், இல்லையென்றால் எதையோ கொடுத்துவிட்டான் என்று சவுக்கால் அடித்தார். மூக்கன் அடியை வாங்கிக்கொண்டு, குதிரைக்கு வலிக்கிற மாதிரி அதன் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அடித்ததற்குப் பிறகு மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்த மனுஷர்களுக்குக் கிடையாது. காரணம் தெரிந்த பிறகும் கேட்கவில்லை.

காரணத்தைச் சொன்னது பதுளையிலிருந்து மட்டக் குதிரையில் வந்த மிருக டாக்டர். வெள்ளைக்காரர்தான். வந்தவர் குதிரையைக் கொஞ்ச நேரமும் புல்போரை வெகுநேரமும் பார்த்தார். போருக்குள் கையை விட்டு ஒரு காய்ந்த கொத்தை இழுத்தார். கிலுகிலு என்றது. அவர் சொன்னதை மூக்கனுக்குத் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், அதனால் எனக்கு ஒவ்வொன்றும் ஞாபகம். இந்தச் செடி குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம். ஈரலைக் கெடுக்கும். தின்ற உடனே ஒன்றும் தெரியாது, வாரக்கணக்கில் கழித்துத்தான் காட்டும், காட்டிய பிறகு வைத்தியம் இல்லை. பச்சையாக நிற்கும்போது கசப்பு, மிருகம் வாய் வைக்காது. வெட்டி வாடிவிட்டால் கசப்புத் தெரியாது, தின்றுவிடும். ஆகவே பிடுங்கினால் அன்றைக்கே எரித்துவிட வேண்டும், குவித்து வைக்கக் கூடாது. இதையெல்லாம் துரையும் நின்று கேட்டார். கவனமாகத்தான் கேட்டார்.

சார்லியை மூன்று நாள் கழித்துச் சுட்டார்கள். புல்சரிவிலேயே குழி வெட்டிப் புதைத்து, தோட்டத்து மேசனைக் கொண்டு கல் செதுக்கி, பேர் வெட்டி நட்டார்கள். மேசன் அந்தக் கல்லோடு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தான்.

இனி அங்கம்மாளின் மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் எட்டோ ஒன்பதோ மாடு இருந்தது. லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டில். பகலில் சடையன் என்ற கிழவர் எல்லா மாட்டையும் ஓடைப்பக்கம் ஓட்டிப்போவார். அவருக்குத் தோட்டத்துச் சம்பளப் பதிவில் பேர் கிடையாது, வீட்டுக்கு வீடு சோறு. அங்கம்மாளுடையது ஒரு செவலைப் பசு. கன்றுக்குட்டியாக வாங்கி வளர்த்தாள். அதற்குக் கொடுத்தது அவளுடைய கால் தண்டை. தண்டை இல்லாத காலைப் பார்த்தால் இப்போதும் எனக்கு அந்தப் பசு ஞாபகம் வரும். அவள் அண்ணனின் மனைவி பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஆண் பிள்ளை. தாய்ப்பால் கொடுக்க லயத்தில் அப்போது வேறு யாரும் பிள்ளை பெறவில்லை. செவலையின் பாலில் தண்ணீர் கலந்து, காய்ச்சி ஆற்றி, சங்கில் எடுத்துப் புகட்டித்தான் அங்கம்மாள் அவனை வளர்த்தாள். பகல் சங்கு ஊதினால் மற்றப் பெண்கள் சோற்றுக்கு உட்காருவார்கள். இவள் மலையிலிருந்து ஒரே ஓட்டமாக, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவைக்கிற பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுவாள். பால் புகட்டிவிட்டுத் திரும்பி ஓடி வருவாள். அவள் சாப்பிட்டாளா என்று நான் கவனிக்க ஆரம்பித்தது அப்போதுதான். வேலையைக் கவனிக்க வேண்டிய கணக்கப்பிள்ளை எதைக் கவனித்தான் பாருங்கள். அந்தப் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான், தொடையில் மடிப்பு விழுந்து. எல்லாம் அந்தச் செவலையின் தயவு.

புதுக் குதிரை கொழும்பிலிருந்து வரப்போகிறது, அதற்குள் மஞ்சள் பூ ஒன்றுகூடக் கண்ணில் படக் கூடாது என்று துரை உத்தரவு போட்டார். புல்லுவெட்டு ஆட்கள் எல்லாரையும், பெண்களில் பாதிப் பேரையும் அதற்கே விட்டார்கள். நானும் அவர்களோடு நின்றேன். நல்ல வேலைதான், வேரோடு பிடுங்கினோம். பங்களாச் சரிவு, லாயத்தைச் சுற்றி, குதிரைப் பாதையின் இரண்டு பக்கம். கட்டுக்கட்டாகச் சேர்ந்துவிட்டது. எங்கே போடுவது? கானில் போட்டால் மழைக்கு அடைத்துக்கொள்ளும். ஓடையில் போட்டால் அந்தத் தண்ணீர்தான் பங்களாவுக்குப் போகிறது. பாதையோரத்தில் குதிரை போகும். லாயத்துப் பக்கம் பேச்சே இல்லை. தோட்டத்தில் வேண்டாதது எதுவானாலும் கடைசியில் போய்ச் சேர ஒரு இடம் உண்டு. லயத்துக்குப் பின்னால் போடு என்றார் துரை. எரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், புதுக் குதிரை வருகிற நேரம், ஆள் மெனக்கெட முடியாது.

நான் சொன்னேன். பெரிய கங்காணி கண்ணால் அதட்டினார். அதையும் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். “லயத்துப் பின்னால மாடு கட்டுறாங்க, தொரை. டாக்டர் தொரை சொன்னாரே, காஞ்சா மாடும் திங்கும்னு.”

துரை என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. நான் எதற்காகவோ கவலைப்படுகிறேன், அந்தக் கவலையைத் தீர்த்துவைப்போம் என்கிற சிரிப்பு. அவர்கள் பேசுகிற தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துச் சொன்னார்.

“அங்கே குதிரை போகாது.”

இந்த வார்த்தையை நான் எத்தனை தரம் மனதுக்குள் புரட்டிப் பார்த்திருப்பேன். ஏளனமாகச் சொல்லியிருந்தால் நானும் ஒரு வசவு வைதுவிட்டு மறந்திருப்பேன். மாடு என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. விழுந்தும் அவருக்குக் கணக்கில் வரவில்லை. இதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கடிக்க மிச்சமிருப்பது கொஞ்சம் பல்தான் என்பது வேறு விஷயம்.

லயத்துப் பெண்கள் நான் சொல்லித்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். குவியல் ஆள் உயரத்துக்கு இருந்தது. வெயிலில் வாடி அதன் மணம்கூட மாறிவிட்டது, நல்ல வைக்கோல் மணம் அடித்தது. முதல் வேலையாக முள் வெட்டிப் போட்டுச் சுற்றிலும் அடைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு லீவு நாள், அங்கம்மாள் முன்னால் நின்று அதற்குத் தீ வைத்தாள். பாதி காய்ந்த செடி சடசடவென்று எரியுமா? புகைந்தது. மஞ்சள் கலந்த கெட்டிப் புகை. காற்று அதைத் தூக்கிக்கொண்டு நேரே குதிரைப் பாதைக்குப் போனது. அந்த நேரம் பார்த்துத் துரை புதுக் குதிரையில் வந்துகொண்டிருந்தார். குதிரை மிரண்டு முன்னங்காலைத் தூக்கியது. துரையின் தொப்பி தேயிலைக்குள் போய் விழுந்தது. விழுந்தது தொப்பி மட்டும்தான்.

பெரிய கங்காணி ஓடி வந்தார். ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றித் தீயை அணைக்க வைத்தார். பற்றவைத்த பெண்களே சுமந்தார்கள். அங்கம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, இது எரியாவிட்டால் மாடு செத்துப்போகாதா என்று கேட்டுவிட்டாள். அதற்கு அவர் சொன்ன பதில் இது:

“மாடு வளக்குறதுக்கா ஒங்களத் தொரை இங்க வச்சிருக்காரு?”

அவரும் எங்கள் சாதி சனம்தான், எங்கள் ஊர்ப்பக்கம்தான், எங்கள் கோயிலில்தான் தேங்காய் உடைத்தார். துரையாவது குதிரையைத் தவிர வேறொன்றையும் காணாதவர். இவர் எல்லாவற்றையும் கண்டவர். யார் மேல் எனக்குக் கோபம் அதிகம் என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் மேல்தான்.

மறுநாள் பெரட்டில் புது உத்தரவு வந்தது. லயத்தில் சும்மா இருக்கிற ஆள் ஒருவரும் இருக்கக் கூடாதாம். இருந்தால் நெருப்பு வைக்கத் தோன்றுமாம். சடையன் கிழவருக்கு மண்வெட்டியைக் கொடுத்துக் கான் வெட்ட மேல்மலைக்கு அனுப்பினார்கள். இனி மாட்டை யார் ஓட்டிப்போவது? விடியுமுன் அவரவர் மாட்டைக் கொட்டிலில் கட்டிவிட்டு, ஒரு பிடி புல்லைப் போட்டுவிட்டு மலைக்குப் போனார்கள். பகலெல்லாம் அவிழ்க்க ஆள் இல்லை. மழைக்காலம் தொடங்கிவிட்டது. முள்ளடைப்பு காற்றில் சரிந்தது. மழைக்கும் வெயிலுக்கும் நடுவில் அந்தக் கருகாத குவியல் வாய்க்கெட்டும் தூரத்தில் கிடந்தது. பசித்த மாடு கயிற்றை இழுக்காமல் என்ன செய்யும்? மாலையில் வந்து பார்த்தால் கயிறு தளர்ந்திருக்கும், வாயில் மஞ்சள் காம்பு இருக்கும். இழுத்துக் கட்டுவார்கள். அடுத்த நாளும் மலைக்குப் போகத்தான் வேண்டும், போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை. நானும் என் பங்குக்கு இரண்டு தடவை குவியலை ஆள் வைத்து இழுத்துப் பள்ளத்தில் தள்ளப் பார்த்தேன். இரண்டாம் தடவை கங்காணி என்னைப் பெரட்டிலேயே வைத்துத் திட்டினார். என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை. அப்பாகூட.

மாடுகளுக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் சொன்னபடியேதான். குவியல் மழையில் மக்கி மண்ணோடு சேர்ந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை பார்த்தாயா என்று கங்காணி என்னிடம் கேட்டார். நானும் ஆகாது என்று நம்ப ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக மாடுகள் மெலிந்தன. ஒரு நாள் பகல் அங்கம்மாள் பிள்ளைக்குப் பால் கறக்கப் போனவள் திரும்பி வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். செவலை லயத்துச் சுவரில் நெற்றியை வைத்து முட்டிக்கொண்டு நின்றது. அவள் அதன் முதுகில் கை வைத்தபடி நின்றாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“சார்லியும் இப்படித்தானேங்க நின்னுச்சு?”

நான் மூக்கனைக் கூப்பிட லாயத்துக்கு ஓடினேன்.

மூக்கன் லாயத்திலிருந்து ஒரு வாளி வெந்த கொள்ளு கொண்டுவந்தார். புதுக் குதிரைக்கு அவித்தது. தெரிந்தால் மறுபடியும் சவுக்குத்தான். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஆவி பறக்கப் பறக்கச் செவலையின் மூஞ்சிக்கு நேரே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் பங்களா வராந்தாவுக்குப் போனேன். டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்றேன். துரை எழுந்துவிட்டார், குதிரைக்கு என்னவோ என்று. மாட்டுக்கு என்றேன். யார் மாடு என்று கேட்டார். சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். மாடு சாவதைப் பார்க்கிறது ஆட்களுக்கும் நல்லதில்லை என்றார். அடுத்த பெரட்டில் அதற்கு வழி பண்ணிவிட்டார்: இனிமேல் லயத்தில் யாரும் மாடு வளர்க்கக் கூடாது.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். செடியை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் கடைசியில் மாட்டை ஒழித்தார்கள். சாகாமல் மிஞ்சியதைப் பசறையிலிருந்து வந்த வியாபாரி கயிற்றில் கட்டி ஓட்டிப்போனான். கொட்டிலைப் பிரித்து அந்த மரத்தை ஃபாக்டரி அடுப்புக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த கோடைக்கு முன்னால் மேல்மலையில் அதே மஞ்சள் பூவை மறுபடியும் விதைத்தார்கள். குதிரை அந்தப் பக்கம் போகாதாம்.

செவலை போன பிறகு அங்கம்மாள் பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணி கொடுத்தாள். பசறையிலிருந்து டின்னில் அடைத்த தகரப் பால் கொண்டுவந்து கொடுத்தேன். அது ஒத்துக்கொள்ளவில்லை. தொடையில் இருந்த மடிப்பு முதலில் போனது. அந்த மழை ஓய்வதற்குள் அவனும் போய்விட்டான். வயிற்றுப்போக்கு என்று மருந்துச்சாலையில் சொன்னார்கள். குதிரை எதனால் செத்தது என்று பார்க்கப் பதுளையிலிருந்து ஒருவர் மலையேறி வந்தார். இந்தப் பிள்ளை எதனால் செத்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. லயத்துக்கு மேலே புதைத்தோம். பிறகு அங்கேயும் தேயிலை போட்டுவிட்டார்கள், எந்த இடம் என்று அங்கம்மாளால் இப்போது காட்ட முடியாது. சார்லியின் கல் இருக்கிறது. போன வருஷம்கூட யாரோ அதற்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

நான் அந்த வேலையில் அப்புறம் நிற்கவில்லை. குடையைப் பெரட்டுக்களத்திலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று நண்பர்களிடம் வீரமாகச் சொல்லுவேன். மறதியாக விட்டுவிட்டேன் என்று அங்கம்மாள் சொல்லுவாள்.

இப்போது குதிரையும் இல்லை, லாயமும் இல்லை. துரைமார் காரில் போகிறார்கள். மூக்கன் போய்விட்டார். கொள்ளு வேகிற வாசனை மடுல்சீமையில் எங்கேயும் வருவதில்லை. மாலையில் லயத்துப் பக்கம் போனால் மாட்டு மணிச் சத்தம் கேட்கும், சாணிப் புகை கண்ணைக் கரிக்கும்; அதெல்லாம் இருந்தது என்று சொன்னால் நம்புகிற ஆள்கூடக் குறைந்துவிட்டது. மஞ்சள் பூ மட்டும் பசறைப் பாதை நெடுக, யாரும் விதைக்காமல், பூத்துக் கிடக்கிறது.

பஸ் பதுளைக்கு இறங்குகிற நேரம் அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, சீட்டின் மேல் முட்டி போட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டது. “ஏன் தாத்தா தூக்கிப் போட்டீங்க?”

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. “அதத் தின்னா மாடு செத்துப்போயிரும், கண்ணு” என்றேன்.

அது கொஞ்சம் யோசித்தது. பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னது. “எங்க லயத்துல மாடே இல்லியே, தாத்தா. அப்பறம் என்ன?”

அங்கம்மாள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

“இருந்துச்சு, தாயி” என்றாள்.